ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் சுரண்டப்படுவதற்குக் குடியேற்றச் சட்டமும் காரணமா?

காரணம்தான். ரியாத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் சவுதியை வைத்தே சொல்கிறேன்.

ஆவணம் இல்லாதவர் என்றதும் எல்லை தாண்டி ஒளிந்து வந்தவர் என்று நினைக்கிறோம். நான் பார்த்த ‘கல்லிவல்லி’ ஆட்களில் (ஆவணம் இல்லாதவர்களை அங்கே அப்படித்தான் சொல்வோம்) பெரும்பாலோர் மெடிக்கல் முடித்து, விசா அடித்து, முறையாக விமானத்தில் வந்து இறங்கியவர்கள். வந்த பிறகுதான் சட்டவிரோதம் ஆனார்கள். ஆக்கியது அவர்களுடைய கபீல், அதாவது முதலாளி.

இக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்க வேண்டியது முதலாளி. 2018-இல் வெளிநாட்டு ஊழியர் மீதான வரியை உயர்த்தத் தொடங்கினார்கள். சவுதிகளைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள கம்பெனிக்கு அது 2020-இல் தலைக்கு மாதம் 800 ரியால். இதைக் கட்டாமல் இக்காமா நகராது. எங்கள் அலுவலகத்தில் இக்காமா முடியும் தேதிகளை ஒரு எக்செல் தாளில் வைத்திருப்போம். கையில் பணம் இறுகும் மாதங்களில் யாருடையதைத் தள்ளிப்போடலாம் என்றுதான் பேச்சு வரும். டிரைவருக்கு உடனே போட்டுவிடுவார்கள், ரோட்டில் செக்கிங்கில் மாட்டுவாரே! கேம்ப்புக்கும் சைட்டுக்கும் மட்டும் போய்வரும் கொத்தனார் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் கொத்தனாரால் ஊருக்கு லீவில் போக முடியாது, பேங்க் வழியாகப் பணம் அனுப்ப முடியாது, நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். அப்புறம் ஓவர்டைம் காசு குறைந்தால் அவர் எங்கே போய்க் கேட்பார்?

சம்பளம் வராமல் வெறுத்துப்போய் வேறிடம் போனால் இருக்கவே இருக்கிறது ‘ஹுரூப்’. ஓடிவிட்டான் என்று முதலாளி கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் போதும்; பிடிபட்டால் தர்ஹீல் என்ற தடுப்பு முகாம், பிறகு நாடு கடத்தல். பாக்கி வைத்தவர் புகார்தாரர், உழைத்தவர் குற்றவாளி. இந்த ஒரு பட்டனுக்குப் பயந்தே எத்தனையோ பேர் வாயைத் திறப்பதில்லை.

சட்டம் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 மார்ச்சிலிருந்து, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டாலோ இக்காமா காலாவதியானாலோ முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். 2022-இல், பணிக்கு வரவில்லை என்று பதிவானவருக்கு வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ 60 நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் 2021 சீர்திருத்தத்தில் வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டு டிரைவர்களும் தோட்டக்காரர்களும் சேரவில்லை. கபீலின் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்கள் இவர்கள்தான்.

2013-இலும் 2017-இலும் பொதுமன்னிப்பு வந்தது. அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்றதும் பெருங்கூட்டம் கிளம்பியது. பழைய முதலாளியிடம் பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனதாக ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. காலியான இடங்களுக்கு ஏஜென்ட்டுகள் புது ஆட்களை அனுப்பினார்கள், பழையவர்களைப் போலவே வெளிநாடு வருவதற்கு வாங்கிய கடனோடு.

என்னைக் கேட்டால், அனுமதி தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். பஹ்ரைன் 2017-இல் ‘ஃப்ளெக்ஸி பெர்மிட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது: கபீல் வேண்டாம், தொழிலாளியே தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் சாதாரணத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு இருந்தது. 2022-இல் அதை நிறுத்திவிட்டு வேறு திட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது சவுதியில் இருப்பவர்கள் இக்காமா தேதியைக் கம்பெனி சொல்லும்வரை காத்திருக்காமல் சவுதி அரசின் அப்ஷர் செயலியில் நீங்களே அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.