வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மரம்

சிட்னி மேற்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: வீட்டுப் பின்வேலியை ஒட்டி கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சின்னக் காடு ஒன்று இருக்கிறது. அங்குள்ள கம் மரத்தின் (யூகலிப்டஸ்) காய்ந்த கிளை எங்கள் முற்றத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மரம் வெட்டுகிற ஒருவர் கதவைத் தட்டி, "பத்து-ஐம்பது சட்டம் இருக்கு, பெர்மிட்டே வேண்டாம், மரத்தையே எடுத்துடலாம்" என்கிறார். வெட்டலாமா?

வேண்டாம். மரம் கவுன்சிலுடையது, அதைத் தொடுகிற உரிமை உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. புயல் அடித்த மறுநாள் லாரியோடு தெருத்தெருவாக வந்து பயமுறுத்தி ரொக்கமாகக் காசு கேட்கிற ஆட்களை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள், கவுன்சில் விசாரிக்க வரும்போது வீட்டில் இருப்பது நீங்கள்தான். இன்ஷூரன்ஸ் சான்றிதழும் லெவல் 3 ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்) தகுதியும் காட்டாத யாரையும் உங்கள் சொந்த மரத்தில்கூட ஏற விடாதீர்கள்.

அந்தப் பத்து-ஐம்பது விதி பொய்யில்லை. காட்டுத்தீ ஆபத்துக்காக 2014இல் நியூ சவுத் வேல்ஸில் வந்தது. வீட்டின் 10 மீட்டருக்குள் மரங்களையும், 50 மீட்டருக்குள் மரமல்லாத புதர்களையும் பெர்மிட் இல்லாமல் அகற்றலாம். ஆனால் உங்கள் முகவரி அந்த விதிக்குள் வருகிறதா என்று முதலில் மாநிலக் காட்டுத்தீ அணைப்புப் படையான ரூரல் ஃபயர் சர்வீஸின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். எல்லா வீடும் வராது. வந்தாலும் தூரத்தை வேலியிலிருந்து அளப்பதில்லை, வீட்டின் வெளிச்சுவரிலிருந்துதான். அதுவும் சரியாக இருந்தாலும், நிலத்தின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். இங்கே சொந்தக்காரர் கவுன்சில். அதனால் உங்களுக்கு அந்த விதி உதவாது.

இந்தக் காடுகளைச் சும்மா புதர் என்று நினைக்கிறார்கள். கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம் என்கிற கம் மர வகைகள் நிற்கிற, சிட்னி மேற்கின் இந்த கம்பர்லாந்து சமவெளிக் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, அதுவும் துண்டு துண்டாக. கம் மரத்தில் ஒரு நல்ல பொந்து உருவாக நூறு வருடம் ஆகிவிடும். ரொசெல்லா கிளி, போஸம் (மரத்தில் வாழ்கிற பைப்பாலூட்டி), சின்ன வௌவால்கள் எல்லாம் அந்தப் பொந்தை நம்பித்தான் இருக்கின்றன. அடியில் உதிர்ந்த பட்டைக்குக் கீழே, வேறெங்கும் இல்லாத கம்பர்லாந்து நத்தை இருக்கும். ஆகவே கவுன்சிலிடம் கேட்கும்போது "மரத்தை எடுங்கள்" என்று கேட்காதீர்கள், "அந்தக் கிளையைக் குறைத்துத் தாருங்கள், பொந்து இருந்தால் பார்த்து வெட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கிளையும் உங்கள் கூரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து, கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால் அதையும் எழுதி கவுன்சிலுக்கு அனுப்புங்கள். கோரிக்கை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். எண் இல்லாமல் நான் ஒருமுறை ஏழு வாரம் அலைந்தேன். ஒவ்வொரு போனிலும் புதிதாக ஒருவர், முதலிலிருந்து அதே கதையைக் கேட்டார். ஒரு ஆர்பரிஸ்டை அனுப்பிப் பார்க்க இவ்வளவு இழுத்தடித்தால் ஜனங்கள் லாரிக்காரனிடம் போகாமல் என்ன செய்வார்கள்? இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடுங்கள்.

புயலில் கிளை முறிந்து கூரைமேல் விழுந்தாலோ, விழுகிற மாதிரி தொங்கினாலோ காத்திருக்க வேண்டாம், மாநில அவசர சேவையான எஸ்இஎஸ்ஸை 132 500இல் கூப்பிடுங்கள். மின்கம்பியைத் தொட்டிருந்தால் கிட்டே போகவே கூடாது.