சீட்டுல சைபர் ஏன் ஒட்டிக்குது?

அண்ணே வணக்கம். தேவிபட்டினத்துலேர்ந்து எழுதுறேன், காலேஜ் ரெண்டாம் வருஷம். மாமாவோட மீன் ஏலக்கடைக்கு சீட்டு அடிக்க சி பிளஸ் பிளஸ்ல ஒரு புரோகிராம் போட்டேன். போட் நம்பரை 0042ன்னு காட்ட காலி இடத்தை சைபரால ரொப்ப செட்ஃபில்லும், அகலத்துக்கு செட்டபிள்யூவும் குடுத்தேன், அதுக்கப்புறம் வர்ற எடை, ரூபாய் எல்லாத்துக்கும் முன்னாடி சைபரா ரொம்புது. மீன் பேரைத் தமிழ்ல அடிச்சா வரிசை நேரா நிக்கல. மொத்தம் சரியா 10 லட்சம் வந்தப்ப 1e+06ன்னு அடிக்குது. பேசாம பழைய சி மொழியோட பிரிண்ட்எஃப்புக்கே போயிடவா?

தம்பி,

போகாதீங்க, உங்க மூணு சிக்கல்ல ரெண்டு ஒரே இடத்துலதான் இருக்கு. சி-அவுட், அதாவது திரையில அடிக்கிற ஸ்ட்ரீம், நீங்க சொன்ன ஃபார்மேட்டை ஞாபகம் வச்சுக்கும். செட்டபிள்யூ மட்டும்தான் அடுத்த ஒரு மதிப்போட முடிஞ்சு அகலம் மறுபடி 0 ஆயிடும், செட்ஃபில், செட்பிரிசிஷன், ஃபிக்ஸ்ட், ஹெக்ஸ், லெஃப்ட் இதெல்லாம் நீங்களா மாத்துற வரைக்கும் அப்படியே நிக்கும். அதான் போட் நம்பருக்குக் குடுத்த சைபர் ரூபாய் வரைக்கும் வருது.

10 லட்சம் கதை என்னன்னா, ஒண்ணும் சொல்லாம விட்டா பிரிசிஷன், அதாவது எத்தனை இலக்கம் காட்டணுங்கிறது, 6, அது புள்ளிக்கு அப்புறம் உள்ள 6 இல்ல, மொத்தமா 6 இலக்கம். 12345.75ஐ 12345.8ன்னு அடிக்கும், சீட்டுல 5 பைசா தப்பாப் போகும், முழு எண்ணே 6 இலக்கத்தைத் தாண்டிப் போனா ஈ போட்டு சுருக்கிடும். ஃபிக்ஸ்டோட சேர்த்து செட்பிரிசிஷன் 2 குடுங்க, அப்பதான் அது பைசா இலக்கம். காசு விஷயத்துல இதை மறக்கவே கூடாது, கடல்ல போயி வந்தவங்க கூலி அது.

சைபருக்கு நான் சொல்ற வழி, ஒவ்வொரு வரியையும் தனியா ஒரு ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம்ல (திரைக்குப் பதிலா ஸ்ட்ரிங்குக்குள்ள எழுதுற ஸ்ட்ரீம்) கட்டி முடிச்ச ஸ்ட்ரிங்கை மட்டும் சி-அவுட்டுக்கு அனுப்புங்க, வரி முடிஞ்சதும் அந்த செட்டிங் எல்லாம் அதோடயே போயிடும். ஸ்ட்ரீமோட ஃபார்மேட் ஃப்ளாக்ஸை சேவ் பண்ணித் திரும்ப வைக்கலாம்னு சிலர் சொல்வாங்க, ஆனா ஃப்ளாக்ஸ்ல பிரிசிஷனும் ஃபில்லும் வராது, அதுக்கு எல்லா ஃபார்மேட்டையும் காப்பி பண்ற காப்பிஎஃப்எம்டி வேணும். அடுத்தவங்க ஸ்ட்ரீமை வாங்கி எழுதுற ஃபங்ஷன்னா அதை வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும், இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன்.

தமிழ்ப் பேர்தான் உண்மையிலேயே வம்பு. செட்டபிள்யூ எண்ணுறது எழுத்தை இல்ல, பைட்டை. எழுத்தை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில நம்ம ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் கூட தனித்தனி கணக்கு. சாளை கண்ணுக்கு ரெண்டெழுத்து, அதுக்கு 12. நண்டு 15, கணவாய் 18. அகலம் 15ன்னு குடுத்தா சாளைக்கு 3 இடம் விடும், நண்டுக்கு ஒண்ணுமே விடாது, கணவாய் தாண்டியே போயிடும். பிரிண்ட்எஃப்பும் பைட்டைத்தான் எண்ணும், அங்க போயும் இது தீராது. சி பிளஸ் பிளஸ் 20ல வந்த ஃபார்மேட்ங்கிற ஃபங்ஷன் எழுத்துக்கு எழுத்து கணக்கு வைக்கப் பாக்கும், ஆனா ணவும் ரவும் ஃபான்ட்ல ஒரே அகலமாவா இருக்கு? அதனால எண்களை எல்லாம் முன்னாடி அடிச்சுட்டு மீன் பேரை வரியோட கடைசில வைங்க, அதுக்கப்புறம் நேரா நிக்க ஒண்ணும் இருக்காது.

உள்ள வாங்குற பக்கம் நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா இடிக்கும். வெள்ளை இறால்னு டைப் பண்ணா சி-இன் இடைவெளியோட நிறுத்தி வெள்ளைய மட்டும் எடுக்கும். முழு வரியையும் எடுக்கிற கெட்லைன் போடுங்க. எடையை வாங்குனதுக்கு அடுத்து கெட்லைன் வந்தா மிச்சமிருக்கிற என்டர் உள்ள போயி பேர் காலியா வந்துடும், அதனால நடுவுல இடைவெளியையும் என்டரையும் தள்ளிவிடுற டபிள்யூஎஸ் சேர்த்துக்குங்க.