யாருடைய முழக்கோல்?

பாளையங்கோட்டையில் முப்பத்தொரு ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஓய்வுக்குப் பின் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லி வருகிறேன். ‘அடுத்தவரோடு ஒப்பிடாமல் என் வெற்றியை எப்படி அளப்பது?’ என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வள்ளியூர் இளைஞர்: அண்ணாச்சி, எனக்கு 27 வயது. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சித்தப்பா மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாண வீடுகளில் எங்கள் இருவர் சம்பளத்தையும் ஒரே மூச்சில் விசாரிக்கிறார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தம்பி, இதைப் பொறாமை என்று நினைத்து உங்களையே வெறுக்க வேண்டாம். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதை விளக்கி எழுதினார். தன் திறமையை அளக்கத் திட்டமான அளவு கிடைக்காதபோது மனிதர் பக்கத்திலிருப்பவரை வைத்துத் தம்மை அளக்கிறார்கள். அதிலும் தமக்கு நிகரானவரையே தேடிப் பிடிக்கிறார்கள். கோடீஸ்வரர்களின் சொத்து உங்கள் தூக்கத்தைத் தொடவில்லை. சித்தப்பா மகனின் சம்பளம் தொடுகிறது. ஒரே தாத்தா, ஒரே தெரு அல்லவா?

ஆகவே சொந்தமாக ஓர் அளவு வேண்டும். போன வருடம் இதே மாதம் உங்களால் தனியாக முடிக்க முடியாமல், இப்போது முடிகிற வேலை எது? ஆடிட்டர் வந்தால்தான் ஆகும் என்றிருந்த ஜிஎஸ்டி கணக்கை இன்று நீங்களே தாக்கல் செய்கிறீர்களா? தேதி போட்டு எழுதி வையுங்கள். சம்பளம் கேட்கும் மாமாவிடம், “வீட்டுக்குப் போதுமானது வருகிறது மாமா” என்று சொன்னால் போதும்.

பத்தமடையில் பாய் நெய்யும் பெண்: சார், நான் பட்டுப் பாய் நெய்கிறேன். ஒன்று முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா சாதாரணப் பாய் நெய்து வாரா வாரம் காசு பார்க்கிறார். வீட்டில் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்கிறார்கள். நான் தோற்றுவிட்டேனா?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, நூல்போலக் கிழித்து, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோக்கிற கை உங்களுடையது. புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. நேற்று நெய்ததைவிட இன்று இழை நெருக்கமாக விழுந்திருக்கிறதா என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். அந்த அளவை வீட்டாரோ நானோ உங்களுக்குத் தர முடியாது.

ஆனால் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவு பாயின் நயத்தைப் பார்த்துக் குறைவதில்லை. ‘அக்காவைவிடக் குறைவாக வருகிறது’ என்பது ஒரு கணக்கு. ‘வீட்டுக்குப் போதவில்லை’ என்பது வேறு கணக்கு. முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதை இன்று இரவே உட்கார்ந்து போடுங்கள். மாதம் எவ்வளவு வந்தால் கடன் இல்லாமல் ஓடும்? அந்தத் தொகைக்குப் பட்டுப் பாய் மட்டும் எட்டவில்லை என்றால், மாதத்தில் பத்து நாள் சாதாரணப் பாய் நெய்யுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. எட்டுகிறது என்றால், வீட்டார் பேச்சுக்காகத் தறியை மாற்றாதீர்கள்.

இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு நான் பதினோரு ஆண்டுகளை இழந்தேன். என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த நண்பர் கல்வி அதிகாரியானார். எனக்குச் சம்பளத்தில் குறையில்லை, வகுப்பறையும் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் ஜீப் பள்ளி வாசலில் வந்து நின்ற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருடங்களில் என்னிடம் படித்த பிள்ளைகளின் முகங்கள்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. இன்றும் வலிப்பது அதுதான்.

சங்கரன்கோவில் தாய்: பிளஸ் டூவில் என் மகள் 600க்கு 468. எதிர்வீட்டுப் பெண் 571. மகளுக்கு எப்படி உணர்த்துவது?

உணர்த்த வேண்டாம். 571 என்பது அவளுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். எந்தப் பாடம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

நாங்குநேரி கல்லூரி மாணவர்: ஒப்பிடாவிட்டால் சோம்பல் வந்துவிடாதா ஐயா? மேலே இருப்பவரைப் பார்த்தால்தானே முன்னேற முடியும்?

நல்ல கேள்வி தம்பி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஆராய்ந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளி வென்றவரைவிட வெண்கலம் வென்றவர் முகத்தில்தான் மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார். வெண்கலக்காரர் வெறுங்கையோடு திரும்பியிருக்கக்கூடும் என்று நினைக்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். உலகில் இரண்டாம் இடம் பிடித்தவருக்கே அந்த ஒப்பீடு நிம்மதி தரவில்லை.

மேலே இருப்பவரைப் பாருங்கள், தாராளமாக. ஆனால் அவர் வித்தையைப் பாருங்கள், அவர் இடத்தைப் பார்க்காதீர்கள். நம் காருகுறிச்சி அருணாசலம், நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து கற்றார். அவ்வளவு பெரிய குருவின் நிழலில் நின்றவர், கடைசியில் தன் சொந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டார். ‘அவர் மூச்சை எப்படிப் பிடிக்கிறார்?’ என்று கேட்பவன் கற்றுக்கொள்கிறான். ‘அவர் எங்கே, நான் எங்கே?’ என்று கேட்பவனுக்கு வாத்தியம் கையில் கனக்கத்தான் செய்யும்.

அம்பாசமுத்திரம் விவசாயி, வயது 63: என் கூட்டாளிகளின் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். என் மகன் படித்துவிட்டு என்னோடு வயலில் நிற்கிறான். ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

ஐயா, கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லையும் விளைவித்த உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? தென்மேற்குப் பருவத் தண்ணீரில் வருவது ஒன்று, வடகிழக்கில் வருவது ஒன்று. இரண்டையும் ஒரே மாதத்தில் களத்துக்கு வரச்சொல்லி நீங்கள் கேட்டதில்லை.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்திலும் தேடினேன். கூட்டாளிகள் சொன்னது இருக்கிறது, மருமகன் சொன்னது இருக்கிறது. உங்கள் மகன் சொன்னது ஒரு வரிகூட இல்லை. விரும்பி வந்தாரா, வேறு வழியில்லாமல் நிற்கிறாரா? மாலையில் மடையை அடைத்துவிட்டு வரப்பில் சேர்ந்து நடந்து வருவீர்கள் அல்லவா, அப்போது கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.