மகள் ஃபிளிண்ட்டில் மூழ்கியிருக்கிறாள்: இது வேலைக்கு உதவுமா?

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், காசு வராத மென்பொருளுக்காக ராத்திரி விழிக்கிறாள் என்று கவலைப்படுகிறீர்கள், ஐயா. ஃபிளிண்ட் என்பது எண்கோட்பாட்டுக் கணக்குகளை வேகமாகப் போட 2007-இல் வில்லியம் ஹார்ட்டும் டேவிட் ஹார்வியும் தொடங்கிய திறமூல நிரலகம், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல்களின் தொகுப்பு. சேஜ்மேத் என்ற கணித மென்பொருள் கூட இதைத்தான் உள்ளே பயன்படுத்துகிறது. அவளைத் தடுக்காதீர்கள், எடுத்த எடுப்பில் அதிவேகப் பெருக்கல் பகுதிக்குள் நுழைய வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

முதலில் பைத்தான் மொழியிலிருந்து ஃபிளிண்ட்டை அழைக்க உதவும் பைத்தான்-ஃபிளிண்ட்டில் பழகட்டும். பிறகு சி மொழி மூலநிரலை இறக்கி, தானே கம்பைல் செய்து கட்டட்டும். ஃபிளிண்ட் நம்பியிருக்கும் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் என்ற இரண்டு எண்கணித நிரலகங்களின் டெவலப்மென்ட் பொதிகளும் இல்லாவிட்டால், கணினியில் தேவையானவை உள்ளனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் படியிலேயே நின்றுவிடும். சோதனைகளை ஓட்டும் 'மேக் செக்' கட்டளையை முழுவதுமாக ஓட்டினால் வீட்டு லேப்டாப் திணறும்; ஒரு தொகுதியை மட்டும் குறிப்பிட்டு ஓட்டலாம்.

புதியவர்கள் வழுக்கும் இடம் நினைவகம். 64 பிட் கணினியில், சுமார் 62 பிட்டுக்குள் அடங்கும் முழு எண்ணை ஃபிளிண்ட் ஒரே 64 பிட் சொல்லில் (வேர்ட்) வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் தனி நினைவகம் கேட்கும். அதனால் நினைவகத்தைத் திருப்பித் தரும் 'கிளியர்' அழைப்பை எழுத மறந்த நிரல், சிறிய எண்களில் குறையே காட்டாது. பெரிய எண் வந்ததும் நினைவகம் விடுவிக்கப்படாமல் கசியத் தொடங்கும். சோதனையில் 200 இலக்க எண்களையும் கொடுக்க வேண்டும். நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் பார்க்கும்போது, ஃபிளிண்ட் தன்வசம் வைத்திருக்கும் நினைவகத்தை விடுவிக்கும் 'ஃபிளிண்ட் கிளீனப்'பை முடிவில் அழைக்காவிட்டால் ஒழுங்கான நிரலிலும் விடுவிக்காத நினைவகம் தெரியும்.

இன்னொன்று, பகு எண்ணை மாடுலோவாக (வகுத்து மீதியை மட்டும் எடுக்கும் எண்ணாக) வைத்துப் பல்லுறுப்புக்கோவைகளுக்கு மீப்பெரு பொதுக்காரணி கேட்பது. மாடுலோ 6-இல் 2-க்குப் பெருக்கல் நேர்மாறு கிடையாது. கணக்கின் நடுவே அப்படியொரு நேர்மாறு தேவைப்பட்டால் நிரல் பாதியில் நின்றுவிடும்.

முதல் பங்களிப்பு ஒரு சோதனை நிரலாக இருக்கட்டும். விடையை உள்ளீட்டு மாறியிலேயே எழுதினாலும் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

ஃபிளிண்ட் பெயரைக் கேட்டு வேலை தரும் நிறுவனங்கள் அரிது. ஆனால் பிறர் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட சி நிரலைக் காட்ட முடிந்தால், கம்பைலர், தரவுத்தளம், குறியாக்கவியல் பணிகளுக்கான நேர்காணலில் அது பேசும். ஒரு எச்சரிக்கை: ரகசியச் சாவியைக் கையாள ஃபிளிண்ட் எழுதப்படவில்லை, கணக்குக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே சாவியைக் காட்டிக்கொடுத்துவிடலாம். குறியாக்கப் பணிக்குப் போகிறவள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சிறுசேரி சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் எம்.எஸ்சி. கணிதம் சேர நினைத்தால், நுழைவுத்தேர்வுக்குக் கைகொடுப்பது இயற்கணிதமும் பகுப்பாய்வும்தான். பருவத் தேர்வு முடியும்வரை ஃபிளிண்ட்டுக்கு வாரம் நான்கு மணி நேரம் போதும்.