வாகன மேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துபாயில் இருக்கும் என் மச்சான் 2021 டாட்ஜ் டுராங்கோ எஸ்.ஆர்.டி. ஹெல்கேட் என்ற அமெரிக்க எஸ்.யூ.வி. வைத்திருக்கிறார். "ஒரே வருடம்தான் தயாரிப்போம்" என்று கம்பெனி சொன்னதை நம்பி, ஸ்டிக்கர் விலைக்கு மேலே கொடுத்து வாங்கினார். பிறகு அதே வண்டி மறுபடியும் வந்துவிட்டது. மதிப்பு போய்விட்டதா? விற்றுவிடச் சொல்லட்டுமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: உங்கள் மச்சானுக்கு வந்த கோபம் அமெரிக்காவில் பலருக்கும் வந்தது, சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். கோபம் நியாயமானதுதான். 2020-இல் அறிவித்தபோது 2021 மாடல் ஆண்டுக்கு மட்டும் என்றுதான் டாட்ஜ் சொன்னது. தொட்டியிலிருந்து வெளியேறும் பெட்ரோல் ஆவிக்கான மாசு விதி கடுமையானதால் அந்த எஞ்சினைத் தொடர முடியாது என்று காரணமும் வைத்தார்கள். 2022 ஆகஸ்டில், விதிக்கு ஏற்பச் சரிசெய்துவிட்டோம், 2023-க்கு மீண்டும் வருகிறது என்றார்கள். நடுவில் கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர யாரும் இல்லை.

ஆனால் வண்டியில் என்ன குறைந்தது? 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) வி8 எஞ்சின், 710 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டரை 3.5 விநாடியில் தொடும் வேகம், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. குறைந்தது அபூர்வம் என்பதற்காகக் கொடுத்த பணம் மட்டுமே. மறுபக்கம் ஒரு லாபமும் உண்டு. ஒரே வருடம் வந்து நின்றுபோன வண்டிக்கு முன் பம்பர், சூப்பர்சார்ஜர் குளிர்விப்புக் குழாய் போன்றவற்றைப் பத்து வருடம் கழித்துத் தேடுவது பெரும்பாடு. தயாரிப்பு நீண்டதால் அந்தப் பாகங்கள் இன்னும் பல ஆண்டு சந்தையில் கிடைக்கும். ஓட்டுபவருக்கு இது நல்ல செய்தி, பூட்டி வைப்பவருக்குத்தான் நஷ்டம்.

அவசரப்பட்டு விற்க வேண்டாம். முதலில் சேஸி எண்ணின் பத்தாவது எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எம்' (M) இருந்தால் 2021, 'பி' (P) இருந்தால் 2023. முதல் வருட வண்டி என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சாட்சி. ஜன்னலில் ஒட்டி வந்த விலைப்பட்டியல், முதல் பில், சர்வீஸ் ரசீதுகள், இரண்டு சாவிகள், இவை ஒன்றுகூடத் தொலையக் கூடாது. வளைகுடாவில் அமெரிக்காவில் அடிபட்டுத் தேறிய வண்டிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. விபத்தில்லாத வண்டி என்று காட்டும் காகிதத்துக்கே அங்கே முதல் மரியாதை.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். கையேட்டில் இருக்கும் '91' அமெரிக்கக் கணக்கு. வளைகுடா பங்க்கில் எழுதியிருக்கும் எண் வேறு முறையில் அளந்தது. அங்கே ஏறக்குறைய 95, 96-க்குச் சமம். ஆகவே இ-பிளஸ் 91 கூடவே கூடாது. சூப்பர் 98 போடட்டும். மட்டமான பெட்ரோலில் எஞ்சின் தட்டும். கம்ப்யூட்டர் அதை உணர்ந்து பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும். வெயில் நாளில் இழுவை குறைவது உடனே தெரியும்.

கேள்வி: அதே ஹெல்கேட்டை இரண்டாம் கையாக வாங்கி ஊருக்குக் கொண்டுவர முடியுமா?
— வாசகர், தொண்டி

பதில்: முடியாது. பழைய வண்டியை இறக்குமதி செய்ய ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். இந்த டுராங்கோ ஆலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வருகிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஒரு எஸ்.யூ.வி.யின் லிமிடெட் எடிஷனுக்கு ஷோரூமில் கூடுதல் பணம் கேட்கிறார்கள். "இனி இது வராது" என்கிறார்கள். நாளை மறுபடி வந்தால் நஷ்டஈடு கேட்கலாமா?
— வாசகி, ராமநாதபுரம்

பதில்: கேட்கலாம், ஆனால் வாய்ப்பேச்சை வைத்து ஜெயிக்க முடியாது. எத்தனை வண்டி, எந்தத் தேதி வரை என்று கம்பெனி விளம்பரத்திலோ விலைப்புள்ளித் தாளிலோ அச்சில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விற்பனையாளரிடம் ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பில்லில் ஏற வேண்டும். கையில் கொடுத்த பணம் எந்த மன்றத்திலும் நிற்காது.

அச்சில் இருந்து மீறினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்று வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழிகாட்டலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, இன்சூரன்ஸ் அபூர்வத்தைக் கணக்கில் எடுக்காது. ஒரு வருடம் முடிந்து இரண்டாவது வருடத்தில் 20 சதவீதம், அடுத்த வருடத்தில் 30 சதவீதம் என்று காப்பீட்டு மதிப்பில் எல்லா வண்டிக்கும் ஒரே கழிவுதான். லிமிடெட் எடிஷனில் தனியாக வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் அலங்காரம். அது உடைந்தால் பாதி விலை உங்கள் கையைக் கடிக்கும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத 'ஜீரோ டிப்ரிசியேஷன்' சேர்த்தே பாலிசி எடுங்கள்.

கேள்வி: பாம்பனில் வீடு. ஆசைப்பட்டு வாங்கிய லிமிடெட் எடிஷன் வண்டி, மாதத்தில் பாதி நாள் நிற்கிறது. உப்புக் காற்றிலிருந்து எப்படிக் காப்பது?
— வாசகர், பாம்பன்

பதில்: கம்பெனி மறுபடி தயாரிப்பதைவிட உங்கள் வண்டியின் விலையை வேகமாகத் தின்பது இந்தக் காற்றுதான். 1914-இல் திறந்த ரயில் பாலமே உப்பில் அரித்து 2022 டிசம்பரில் ஓய்ந்தது கண்ணெதிரே நடந்த கதை.

கழுவும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். போர் தண்ணீர் நாக்கில் கரித்தால் அது வண்டிக்கு ஆகாது. காய்ந்த பிறகு தகட்டு மடிப்புக்குள் உப்பை விட்டுப்போகும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்குள் காட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை அடிப்பக்கம், சக்கர வளைவு, சஸ்பென்ஷன் கைகள் என்று பீய்ச்சுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே. ரேடியேட்டர், இன்டர்கூலர் (எஞ்சினுக்குப் போகும் அழுத்தக் காற்றைக் குளிர்விப்பது) பக்கம் மட்டும் மெதுவான தண்ணீர். அழுத்தத்தில் அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று அடைபடும். டர்போ, சூப்பர்சார்ஜர் வண்டியில் எஞ்சினுக்குப் போகும் காற்று சூடேறி இழுவை குறையும். அதே தனுஷ்கோடி மணலுக்காக ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். எண்ணெய் தடவிய வெளிச்சந்தை ஃபில்டரை இங்கே மாட்ட வேண்டாம், நுண்மணல் கடந்துபோகும்.

கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். கதவு துருப்பது அங்கிருந்துதான். அடிப்பக்கம் கறுப்பு ரப்பர் பூச்சு அடிக்கச் சொல்வார்கள். துருவின் மேலேயே அடித்தால் உள்ளே ஈரத்தோடு அது வளரும், வெளியே தெரியாது. துருவைச் சுரண்டி, பிரைமர் போட்டு, பிறகுதான் பூச்சு. மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுப் பூச்சு அடிப்பது இதைவிட மேல்.

தார்ப்பாயால் மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, மூடாமல் விட்டதைவிட மோசமாகும். காற்றுப் போகும் துணி உறையைச் சுத்தமான, காய்ந்த வண்டிமேல் மட்டும் போடுங்கள். மணல் தரையில் நிறுத்தாமல் சிமென்ட் தரையில் நிறுத்துங்கள்.

பிரேக் டிஸ்க் ஒரே இரவில் செம்மை படர்வது இயல்பு. ஹேண்ட்பிரேக் போட்டு ஒரு வாரம் விட்டால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வாரம் இரண்டு முறை எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 60-லிருந்து 20-க்கு ஐந்தாறு தடவை பிரேக் பிடியுங்கள். கழுவிய கையோடு நிறுத்திவிடாமல் இப்படி ஓட்டிக் காயவைத்த பிறகே உறையைப் போடுங்கள்.