திருச்செந்தூர் வரை போனால் இங்கேயும் போங்கள்

கேள்வி: திருச்செந்தூர் போகிறோம். பக்கத்தில் கூட்டமில்லாத கடற்கரை, பையன் ஏறி விளையாட மணல்மேடு, இரண்டும் சேர்ந்த இடம் உண்டா? அவனுக்கு 8 வயது. கடலில் இறங்காமல் வரமாட்டான்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மணப்பாட்டுக்குப் போங்கள். தெற்கே 18 கிலோமீட்டர், குலசேகரன்பட்டினம் தாண்டினால் வந்துவிடும். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று, அதன் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். புயலில் பிழைத்த போர்த்துகீசியக் கப்பல் தலைவன் ஒருவன், ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டான், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்று ஊரில் சொல்வார்கள். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கி ஜெபித்த குகை கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது, உள்ளே ஒரு கிணறு, அலை பக்கத்திலேயே அடித்தாலும் தண்ணீர் உப்புக் கரிக்காது. பையனுக்குக் கோயிலைவிட அந்தக் கிணறுதான் பிடிக்கும், பாருங்கள்.

காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். நான் ஒருமுறை உச்சிவெயிலில் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன், இறங்கும்போது ஆடிய ஆட்டத்தை மீன்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குளிப்பதென்றால் பாறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். கருமேனியாறு கடலில் சேரும் இடமும் பார்க்க அழகுதான், ஆனால் முகத்துவாரத்தில் மணலும் நீரோட்டமும் இன்றைக்கு இருப்பதுபோல் நாளைக்கு இருக்காது. வலை பிரிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் கைகாட்டும் இடத்தில் முழங்கால் அளவோடு நிறுத்துங்கள்.

அப்புறம், செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டியும் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவின்போதும் போகாதீர்கள். கூட்டமில்லாத இடம் கேட்டவர் நீங்கள்!

கேள்வி: திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரை மணல் வெள்ளை, நாலு மைல் உள்ளே போனால் தேரி என்கிற மணல்மேடுகளில் மணல் செக்கச்செவேல். ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: துருதான். தேரி மணல் பல்லாயிரம் வருடப் பழசு. அதில் கலந்திருக்கும் இரும்புக் கனிமங்கள் காற்றிலும் மழையிலும் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் செம்பூச்சாகப் படிந்துவிட்டன. கடலோர மணல் புதுசு, அதற்கு இன்னும் அந்த நிறம் ஏறவில்லை. ஆடிக் காற்று அடித்தால் மேடு இடம் மாறும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் பனையும் கொல்லாமரமும் (முந்திரி) வைத்திருக்கிறார்கள். குதிரைமொழித் தேரிக்குள் நடுவே ஓர் அய்யனார் கோயில், அதை ஒட்டி ஒரு சுனையும் உண்டு. அவ்வளவு மணலுக்கு நடுவில் தண்ணீரா என்று நானும் வாய் பிளந்தவன்தான். விழுகிற மழை ஓடாமல் நேரே மணலுக்குள் இறங்கித் தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது, சரிதானே?

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் வராதீர்கள், ஆனால் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சீனி கலந்ததும் விற்கிறார்கள்.