பிளே ஸ்டோர் பதிப்பில் மட்டும் இணைப்பு உலாவியில் திறப்பது ஏன்?

வணக்கம். கணினியிலிருந்து நேரடியாக நிறுவிய வெளியீட்டுப் பதிப்பில் இணைப்புகள் செயலியிலேயே திறக்கின்றன, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய பதிப்பில் மட்டும் குரோமுக்குப் போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேறுபாடே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது: நீங்கள் பதிவேற்றும் கோப்பில் இருப்பது உங்கள் பதிவேற்றச் சாவியின் கையொப்பம், பிளே ஆப் சைனிங் முறையில் கூகுள் அதை நீக்கிவிட்டு, தன்னிடமுள்ள வேறொரு சாவியால் கையொப்பமிட்டுத்தான் பயனர்களுக்கு அனுப்புகிறது. தளத்தின் இணைப்புகளை எந்தச் செயலி திறக்கலாம் என்று அறிவிப்பது அசெட்லிங்க்ஸ் கோப்பு. உங்கள் தளத்தின் அக்கோப்பில் பதிவேற்றச் சாவியின் ஷா-256 கைரேகை (சாவிச் சான்றிதழை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. அது பிளே ஸ்டோர் பதிப்பின் கையொப்பத்தோடு பொருந்தாததால், அதில் இணைப்புச் சரிபார்ப்பு தோற்கிறது. செயலி உருவாக்குநர்களுக்கான பிளே கன்சோல் தளத்தில் செயலிக் கையொப்பப் பக்கத்திலுள்ள கைரேகையையும் அதே பட்டியலில் சேருங்கள். பழையதை நீக்க வேண்டியதில்லை, ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம்.

ஆண்ட்ராய்டு 12 முதல், சரிபார்க்கப்படாத இணைப்புக்கு எந்தச் செயலி வேண்டும் என்ற கேள்வியே எழாமல் உலாவி திறந்துவிடுவதால், இப்பிழை சத்தமின்றி ஒளிந்துகொள்கிறது.

அசெட்லிங்க்ஸ் கோப்பு எச்டிடிபிஎஸ் வழியாக, எந்தத் திசைதிருப்பலும் இன்றிக் கிடைக்க வேண்டும். செயலியின் விவரங்களை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டுள்ள முகவரியும் இருந்தால், அந்த முகவரியிலும் அசெட்லிங்க்ஸ் கோப்பைத் தனியே வைக்க வேண்டும்.

திருத்திய பின் செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, சில நிமிடங்கள் கழித்து, குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பைத் தொட்டுச் சோதியுங்கள். குரோமின் முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்து பார்ப்பது சோதனையாகாது. அப்படிச் செய்தால் பொதுவாக உலாவியிலேயே திறக்கும்.